நிலாவுக்குப் பின்னால் ஒரு நேயர்

“நிலாவுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நான்தான். வார்த்தை, வாக்கியம், மரியாதை, எல்லாம் என்கிட்டக் கத்துக்கிட்டது. சும்மா சொல்லக் கூடாது, நம்ம பிள்ளைகளைவிட அவர் ழகரம் பிழையில்லாம எழுதுவார்” என்றார் பேச்சியம்மாள்.

சொல்லிவிட்டு, ஏதோ வெண்டைக்காய் விலை சொன்னவர் போல உளுந்த வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார்.

ராஜபாளையத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டே நாளான வங்கி மேலாளர் பிரபாகருக்கு டீ புரை ஏறியது. சுற்றிலும் பார்த்தார். டீ மாஸ்டர் சிரிக்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கக்கூட இல்லை. பால் கேன் இறக்கியவர், “ஆமா சார், ரொம்பத் தங்கமான மனுசர்” என்று நற்சான்று வேறு கொடுத்துவிட்டுப் போனார்.

சேலத்துக்காரரான பிரபாகர், இந்த ஊரில் புத்தி தெளிவாக ஓர் ஆளாவது இருப்பாரா என்று தேடினார். மூலை பெஞ்சில் ஒருவர் சட்டைப் பையில் டெஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். அவர் குருவையா. நூற்பாலையில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டெஸ்டர் எரிந்தால்தான் உலகத்தில் மின்சாரம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார். மழையில் நனைந்துகொண்டே, “மழை பெய்யுதுன்னு யார் சொன்னது?” என்று கேட்ட ஆள்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. இதெல்லாம் உண்மையா?”

குருவையா டீயை ஊதினார்.

“அவர்கிட்டக் கேக்காதீங்க சார்” என்றார் பேச்சியம்மாள். “ரெண்டு வருசமா அவர் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. ஊர்ல மிச்சம் இருக்கிற ஒரே சந்தேகம் அவர்தான். உக்காருங்க, முழுசா சொல்றேன். இன்னொரு வடை சொல்லுங்க.”

*

பேச்சியம்மாளின் தொண்டை பரம்பரைச் சொத்து. அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பேசிப் பேசி, வீட்டில் ரகசியம் சொன்னாலும் நாலாவது தெருவில் பதில் வரும். பேச்சியம்மாள் பிறந்தபோது அழுத அழுகையில், சங்கு ஊதி ஷிப்ட் முடிந்துவிட்டது என்று பாதி மில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொல்வார்கள். மீதிப் பாதி சாப்பாட்டு நேரம் என்று தூக்குச் சட்டியைத் திறந்துவிட்டதாம்.

வளர்ந்ததும் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வேலை. அவர் “தென்காசி” என்று சொன்னால், தென்காசியில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் அவர் குரலைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிடும். சில பிள்ளைகள் மறுபடி கேட்பதற்காகவே மறுபடி தொலைந்தன.

அப்படி ஒருநாள் அந்தக் குரலைக் கேட்டு நின்றதில் மூன்று பஸ்ஸைத் தவறவிட்டவர் தாமோதரன். மேற்குமலை விஷன் என்ற உள்ளூர் சேனலின் முதலாளி. அங்கேயே வேலை கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

“பேர் மட்டும் கொஞ்சம் ஸ்டைலா மாத்திக்கிடலாம்மா. பிரியதர்ஷினி, அந்த மாதிரி.”

“என் பேருக்குச் சொந்தக்காரி கோயில்ல நாக்கைத் துருத்திக்கிட்டு நிக்கா. அவகிட்டக் கேட்டுட்டு வாங்க முதலாளி, மாத்திக்கிடுறேன்.”

தாமோதரன் கேட்கப் போகவில்லை. இருபத்தேழு வருடம், தினமும் மாலை ஏழு மணிக்கு, உரக்கடை மாடியில் இருந்த ஸ்டுடியோவில் இருந்து, “வணக்கம். செய்திகள் வாசிப்பது பேச்சியம்மாள்” என்ற குரல் ஊரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

என்ன பெரிய செய்தி? எந்தத் தெருவுக்கு எப்போது குடிதண்ணீர், எங்கே மின்தடை, சப்பட்டை மாம்பழம் என்ன விலை. ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் பகுதி ஒன்று உண்டு. ‘காணவில்லை.’ பசு, நாய், மோதிரம், மாமனாரின் பல்செட், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை, எதுவானாலும் பேச்சியம்மாள் வாசித்தால் ஊரே எழுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த சேனலுக்கு ஒருநாள் முதலாளி முடிவு கட்டினார். எல்லாரும் செல்போனைப் பார்க்கிறார்கள், இந்த மாதக் கடைசியோடு மூடிவிடுகிறேன், செய்தியிலும் சொல்லிவிடு என்றார். பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய் ஒரு படி அரிசி போட்டுச் சோறாக்கி, தனியாகவே சாப்பிட்டு முடித்தார். அவருக்குக் கவலை வந்தால் பசிக்கும்.

அந்த வாரம்தான் அது நடந்தது.

*

செய்தி வாசிப்பவருக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. எதிரே இருக்கும் கண்ணாடித் திரையில், அதுதான் பிராம்டர், என்ன எழுத்து ஓடுகிறதோ அதை வாசிக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் முகத்தில் தெரியும். பேச்சியம்மாள் அந்தத் தர்மத்தைக் கற்பு போலக் காத்தவர். ஒருமுறை டெக்னீஷியன் செல்லையா தவறிப்போய் வீட்டு மளிகைச் சாமான் விவரத்தை அதில் ஏற்றிவிட, “துவரம் பருப்பு இரண்டு கிலோ” வரைக்கும் கம்பீரமாக வாசித்து முடித்துவிட்டுத்தான் வானிலைக்குப் போனார்.

ஆகவே அன்று மாலை திரையில் வந்ததையும் வாசித்தார்.

“அடுத்து, நிலவின் பின்புறத்திலிருந்து ஒரு செய்தி. இருபத்தேழு ஆண்டுகளாக இச்செய்தி அறிக்கையைத் தொடர்ந்து கேட்டுவரும் வேற்றுலக நேயர் ஒருவர், செய்தி வாசிப்பாளர் பேச்சியம்மாளுக்குத் தமது வணக்கத்தைத் தெரிவித்துள்ளார். கொம்பு உடைந்த கருப்புப் பசு கிடைத்துவிட்டதா என்றும் அவர் கவலையுடன் வினவியுள்ளார். இனி வானிலை.”

மனித குலம் பிறந்த நாளில் இருந்து காத்திருந்த சேதி. அதை ராஜபாளையம் முழுதும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. நிலவு நகர் என்று புதிதாக வீட்டுமனை போட்டிருக்கிறார்கள், அதற்கு விளம்பரம் என்று நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் இரண்டு பேர் ஸ்டுடியோவுக்கு வந்து, “மனை கிழக்குப் பார்த்ததா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பேச்சியம்மாளுக்கு வானிலை பாதியில்தான் உறைத்தது. “செல்லையா, என்னடா இது? நீ எழுதினதா?” என்று பிடித்துக்கொண்டார்.

செல்லையா மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தான்.

“அக்கா, திட்டாதீங்க. மலையோரத்துல இருக்கிற வீடுகளுக்குப் படம் தெளிவாத் தெரியலைன்னு அந்தக் காலத்துல நானே ஒரு பூஸ்டர் செஞ்சு டிஷ்ல மாட்டினேன்ல? அது மலையைப் பாக்கலை. மாட்டின வாரமே ஒரு புயல்ல திரும்பி, வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. இத்தனை வருசமா நீங்க வாசிச்சதெல்லாம் அப்படியே மேல போயிருக்கு.”

“அப்ப மலையோரத்து வீடு?”

“அவங்க ஆரம்பத்துல இருந்தே தெரியலைன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.”

“சரி, பதில் எப்படிடா வந்துச்சு?”

“போன வழியிலயேதான்க்கா. அதே டிஷ்ல எறங்கி, கீழ பிராம்டர் கம்ப்யூட்டருக்கு வந்துருக்கு. நாம வாசல் கதவைத் திறந்து வச்சிருக்கோம், அவர் இருபத்தேழு வருசம் வெளிய நின்னு கேட்டுட்டு, இப்பத்தான் உள்ள வரலாமான்னு கேக்கார்.”

மறுநாள் செய்தி முடிந்த பிறகும் கேமராவை அணைக்க விடாமல், பேச்சியம்மாள் மேசையை விட்டு எழவில்லை. திரையைப் பார்த்து, “ஐயா, இருக்கீங்களா?” என்றார்.

எழுத்து ஓடியது: *வணக்கம். தலைப்புச் செய்திகள். நேயர் நலம். நேயர் தனியாக இருக்கிறார். சேனலை மூடுவதாக வந்த தகவலால் நேயர் கடும் அதிர்ச்சி. இனி விரிவான செய்திகள்.*

பாவம், அவருக்கு வேறு தமிழ் தெரியாது. பேச்சியம்மாள் பேசிய தமிழ்தான் தமிழ். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால், *உணவு உட்கொள்ளப்பட்டது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை* என்று பதில் வரும். சில நாளிலேயே ஊர் முழுக்க விஷயம் தெரிந்து, உரக்கடைக்குப் பூச்சிமருந்து வாங்க வந்தவர்களெல்லாம் மாடியேறினார்கள். அவரைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. இத்தனை மரியாதையாகப் பேசும் ஒருவரைப் பார்த்து எப்படிப் பயப்படுவது?

ஒருநாள் பேச்சியம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது திரை தடுமாறியது. *முக்கியச் செய்தி. செய்தி வாசிப்பாளருக்குக் கால்கள் உள்ளன.* மற்ற மனிதர்களுக்குக் கால் இருப்பது அவருக்குத் தெரியும். செய்தி வாசிப்பவர்கள் மட்டும் தனி இனம், அவர்களுக்கு இடுப்புக்குக் கீழே மேசை என்று நினைத்திருந்தாராம்.

நாலு நாள் பழகிய பிறகுதான் மனத்தில் இருந்ததைக் கொட்டினார்.

*நேயரின் வேண்டுகோள். பசுவைக் காணவில்லை என்கிறீர்கள். பிறகு வானிலைக்குப் போய்விடுகிறீர்கள். மோதிரத்தைக் காணவில்லை என்கிறீர்கள். பிறகு வானிலைக்குப் போய்விடுகிறீர்கள். இருபத்தேழு ஆண்டுகளாக எதுவும் கிடைத்ததாக அறிவிக்கப்படவில்லை. உங்கள் உலகில் தொலைந்தவை திரும்புவதே இல்லையா?*

பேச்சியம்மாளுக்கு வாய் அடைத்தது. பிறந்ததில் இருந்து அது இரண்டாவது முறை. முதல் முறை காது குத்தும்போது வாயில் சர்க்கரை இருந்தது.

“கெடைச்சிரும் ஐயா. பாதிக்கு மேல கெடைச்சிரும். தொலைஞ்சா ஓடி வந்து சொல்வாங்க. கெடைச்சா ஒருத்தரும் வந்து சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.”

*எனில் நேயர் தேவையின்றி இருபத்தேழு ஆண்டுகள் வருந்தியுள்ளார்.*

*

அன்றைக்கே பேச்சியம்மாள் முடிவு செய்தார். மூடப்போகிற சேனல்தானே, முதலாளியிடம் கேட்பானேன்? ஏழு மணிச் செய்தியில், “தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் வீட்டில் தொலைந்து, பிறகு கிடைத்தது எதுவானாலும் நேரில் வந்து சொல்லுங்கள். ஒருவர் காத்திருக்கிறார்” என்று அறிவித்தார்.

மறுநாள் உரக்கடை வாசலில் நின்ற கூட்டம் வடக்கே விருதுநகர் வரை நீண்டது என்பார் பேச்சியம்மாள். அவ்வளவு இல்லை. பஸ்கள் மட்டும் வேறு வழியாகப் போயின. கொம்பு உடைந்த கருப்புப் பசுவின் பேத்தியைக் கழுத்தில் மாலையோடு மாடிப்படி ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஏறிவிட்டது, இறங்க மறுத்துவிட்டது. சாயங்காலம் வரை செய்தி மேசைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாப் பேட்டியிலும் முகம் காட்டியது. புளிப்பானைக்குள் கிடைத்த மோதிரம் வந்தது. கோபித்துப் போன மாப்பிள்ளை, இப்போது தானே மாமனாராகி, மருமகன்களோடு வந்தார். பல்செட் தொலைத்த தாத்தா அதைப் போட்டுக்கொண்டு வந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

ஒவ்வொன்றுக்கும் திரையில் *மகிழ்ச்சி* என்று ஓடும். பசுவுக்கு மட்டும் மூன்று முறை ஓடியது.

வராத ஆள் ஒருவர்தான். குருவையா.

அவர் கதை ஊருக்கே தெரியும். அவருக்குச் சோலையப்பன் என்று ஒரு தம்பி, பதினாறு வயது. வீட்டில் மங்கம்மா என்று ஒரு வெள்ளை நாய், அசல் ராஜபாளையம் ஜாதி. குருவையா அந்த நாயிடம் மட்டும்தான் சிரிப்பார். தம்பி ஒருநாள் அதை மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனான். நாயும் திரும்பவில்லை, தம்பியும் திரும்பவில்லை. பேச்சியம்மாள் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக வாசித்த ‘காணவில்லை’ அதுதான். அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே, வருடத்துக்கு ஒருமுறை அதே தேதியில் சோலையப்பன் பேரை வாசித்துவிடுவார்.

பேச்சியம்மாளே குருவையா வீட்டுக்குப் போனார்.

“அண்ணாச்சி, அவர் உங்க தம்பியைக் கேட்டுக்கிட்டே இருக்கார்.”

“எவரு? செல்லையா கம்ப்யூட்டர்ல உக்காந்து தட்டுற ஆளா? போ தாயி, வேலையைப் பாரு.”

“அப்ப அந்த நாய்? அதையாவது சொல்லுங்க. அதுவும் கெடைக்கலையா?”

“மங்கம்மாவா? அது மறுநாளே வந்துருச்சே.”

பேச்சியம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “மறுநாளேவா? நான் ஒரு வாரம் வாசிச்சேனே, அண்ணாச்சி!”

“ஒரு வாரத்துக்குன்னு சொல்லி வச்சிருந்தேன். நாய் வந்துட்டா போய் நிறுத்தணுமாக்கும்? அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டேன்.” குருவையாவின் குரல் இறங்கியது. “மலையில எதோ ஒண்ணோட சிநேகமாகி, அப்புறம் எட்டுக் குட்டி போட்டுச்சு.”

“நீங்க எழுதிக் கொடுத்த வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம். ‘சோலையப்பன், வயது பதினாறு, இடது காது மடலில் நாய் கடித்துப் பாதி இருக்காது. எங்கிருந்தாலும் நாயுடன் உடனே வீடு திரும்பவும்.’ நாயுடன், அண்ணாச்சி. நாயுடன்!”

குருவையா டெஸ்டரை எடுத்தார். பக்கத்தில் மின்சாரம் எதுவும் இல்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டார்.

*

அன்றைய செய்தி முடிந்ததும் பேச்சியம்மாள் இதைத் திரையிடம் சொன்னார். இந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை ஐயா, மன்னிச்சிருங்க என்றார்.

எழுத்து மெதுவாக ஓடியது.

*வியப்பூட்டும் தகவல். குடியாத்தம் என்ற கிரகத்திலும் இடது காது மடல் பாதி மட்டும் உள்ள ஒருவர் உண்டு. பரோட்டாக் கடை நடத்துகிறார். தினமும் முதல் பரோட்டாவைத் தெரு நாய்களுக்கு இடுவதாக அக்கிரகத்தின் செய்தியில் காட்டினார்கள்.*

“எந்தக் கிரகம்?”

*குடியாத்தம்.*

“ஐயா, குடியாத்தம் கிரகம் இல்லை, ஊரு! வேலூர் பக்கம்!”

*ராஜபாளையம் ஒரு கிரகம். குடியாத்தம் ஒரு கிரகம். மன்னார்குடி ஒரு கிரகம். ஒவ்வொன்றுக்கும் தனி செய்தி, தனி வானிலை. ஒன்றின் பெயரை மற்றது சொல்வதில்லை.*

செல்லையா தலையில் அடித்துக்கொண்டான். “அக்கா, ஊருக்கு ஊர் பழைய கேபிள் ஒழுகுது. மொத்தமும் அவர் காதுல விழுது. ஆனா எல்லா உள்ளூர் சேனலும் அவங்கவங்க ஊரைத் தவிர வேற ஊர் இருக்கிற மாதிரியே காட்டாதுல்ல? அவர் என்ன செய்வார் பாவம்!”

யோசித்துப் பாருங்கள். தொலைந்த சேதி ராஜபாளையத்தில் மட்டும் வாசிக்கப்பட்டது. இருக்கிற சேதி குடியாத்தத்தில் மட்டும் வாசிக்கப்பட்டது. இரண்டையும் ஒருசேரக் கேட்க, ஒருவர் நிலா தூரத்தில் உட்கார வேண்டியிருந்தது. கேட்டும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை, நடுவில் ஆகாயம் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

*ஒரு கேள்வி* என்றது திரை. *குடியாத்தத்துக்கு எவ்வாறு செல்வீர்கள்?*

“பஸ்ல ஐயா.”

*பஸ்* என்று ஓடிவிட்டு, மறுபடியும் *பஸ்* என்று ஓடியது.

குருவையா நம்பவில்லை. “காது இல்லாதவன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான்” என்றார். அவர் மனைவி ரத்தினம் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், புளியோதரை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

இரண்டாம் நாள் காலையில் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. நரைத்த தலை, தொந்தி, பாதிக் காது. இறங்கியவர் படி ஏறவில்லை. அண்ணனைப் பார்த்ததும் பதினாறு வயதுப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

“அண்ணே... மங்கம்மா கெடைச்சிச்சா?”

அவர் அன்றைக்கே ஊரை விட்டு ஓடிவிடவில்லை. தளவாய்புரத்தில் கூட்டாளி வீட்டில் ஒளிந்துகொண்டு, ஒரு வாரம் ஏழு மணிச் செய்தி பார்த்திருக்கிறார். தினமும் நாயைக் காணவில்லை, தினமும் ‘நாயுடன் வீடு திரும்பவும்.’ நாய்க்கு எங்கே போவது? எட்டாம் நாள் வடக்கே போகும் லாரியில் ஏறிவிட்டார்.

“மறுநாளே வந்துருச்சுடா” என்றார் குருவையா. சொல்லும்போது குரல் உடைந்து, கீச்சென்று வந்தது. “மறுநாளே வந்து, உன் பாயிலதான்டா படுத்துக் கெடந்துச்சு.”

பிறகு இரண்டு பேரும் அழுதார்களா, சிரித்தார்களா என்று தெருவால் பிரிக்க முடியவில்லை. மதியத்துக்குள் சோலையப்பன் அடுப்படியைப் பிடித்து, தெருவுக்கே பரோட்டா போட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பரோட்டாவின் அடுக்குகளை எண்ண ஆரம்பித்தவர் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

“இப்பவாவது நம்புறீங்களா அண்ணாச்சி?” என்று வந்து கேட்டார் பேச்சியம்மாள்.

வாய் நிறையப் பரோட்டாவோடு குருவையா சொன்னார்: “செல்லையா பய செல்போன்ல தேடிக் கண்டுபிடிச்சிருப்பான். கெட்டிக்காரன்.”

*

சேனலின் கடைசி நாளுக்கு முந்தின நாள். செய்தி முடிந்த பின் திரை தானாகவே ஓடியது.

*நேயர் குறித்த செய்தி. இதுவரை வெளியிடப்படாதது. நேயர் வீட்டிலிருந்து புறப்பட்டபோது அவருடன் ஒரு சிறிய துணை விண்கலம் அனுப்பப்பட்டது. அன்பானது. வளையம் உள்ள கோளைக் கண்டதும் துள்ளிக் குதித்து ஓடிவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் வீடு திரும்ப நேயருக்கு முகமில்லை. எனவே நிலவின் பின்னால்.*

“அடப் பாவமே, ஒளிஞ்சா இருக்கீங்க?” என்றார் பேச்சியம்மாள். “இத்தனை வருசமா?”

*செய்திகள் ஆறுதலாக இருந்தன.*

பேச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வீட்டுப் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார்.

“இந்தாங்க ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க. சோலையப்பனைப் பார்த்தீங்கல்ல? நாய் வீட்டுல படுத்துக் கெடக்கு, இவன் எங்கேயோ பரோட்டா போட்டுக்கிட்டு இருக்கான். நீங்களும் அதையேதான் பண்றீங்க. உங்க வீட்டுல ஒரு வார்த்தை கேளுங்க. அது கெடைக்காட்டியும் பரவாயில்லை. நாய்க்காகப் பிள்ளையை யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. கெளம்புங்க.”

பதில் வரவில்லை. மறுநாள், கடைசிச் செய்தி வாசிக்கும்போதும் வரவில்லை. “இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன” என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் மைக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தார். உடனே யாரோ, “மாடிக்கு வாங்க, நிலா வந்துருச்சு!” என்று கத்தினார்கள். எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். ராஜபாளையத்தின் எல்லா மாடியிலும் ஜனம். டார்ச், செல்போன், எமர்ஜென்சி விளக்கு, கையில் கிடைத்ததை எல்லாம் நிலாவைப் பார்த்து ஆட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் நிலாவுக்கே ஒரு நிமிடம் கண் கூசியது என்பார் பேச்சியம்மாள். பசுவின் பேத்திகூடக் கழுத்து மணியை ஆட்டியது.

நிலா சும்மா நின்றது.

*

“அவ்வளவுதான் சார்” என்று வடையை முடித்தார் பேச்சியம்மாள். “சேனலை மூடியாச்சு, டிஷ்ஷைக் கழட்டியாச்சு. ஊர்ல எல்லாருக்கும் கெடைச்சதை வாசிச்சேன். எனக்குத்தான் ஒண்ணு தெரியலை. அந்த மனுசர் வீடு போய்ச் சேர்ந்தாரா, இல்லை இன்னும் அங்கேயே ஒளிஞ்சு உக்காந்திருக்காரா? ரெண்டு வருசமா தினம் அண்ணாந்து பாக்கேன்.”

இத்தனை நேரம் சத்தமாகச் சிரித்துக்கொண்டு சொன்னவரின் முகம் ஒரு கணம் வாடியது. பிரபாகருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

“விடுங்கம்மா. நல்ல கதை” என்றார் ஆறுதலாக. பிறகு மூலை பெஞ்சின் பக்கம் திரும்பி, “கதைதானே அண்ணாச்சி?” என்று கண்ணடித்தார்.

குருவையா டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையில் இருந்து டெஸ்டரை எடுத்து, பெஞ்சின் மேல் மெதுவாக உருட்டினார்.

“அன்னைக்கு நீங்க எல்லாரும் மாடிக்குப் போனீங்கல்ல, நான் கீழ ஸ்டுடியோவுக்கு வந்தேன்” என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். “செல்லையா பித்தலாட்டத்தைப் பிடிச்சுக் காட்டணும்னுதான். ஃப்யூஸைப் பிடுங்கினேன். கட்டடமே இருட்டாயிருச்சு. பிராம்டர் மட்டும் எரியுது. பேட்டரி இருக்கும்னு அதையும் கழட்டினேன். எரியுது. டெஸ்டர் வச்சுப் பார்த்தேன். டெஸ்டர் எரியலை, தாயி. திரை எரியுது.”

டீ மாஸ்டர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்.

“எழுத்து ஓடுச்சு. ‘கிடைத்தது பகுதி. துணைக்கலம் தொலைந்த மறுநாளே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. நேயருக்குத்தான் யாரும் அறிவிக்கவில்லை. வீட்டில் யாருக்கும் கோபமில்லை. நேயர் புறப்படுகிறார். இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன. வாசித்தது, பேச்சியம்மாளின் நேயர்.’ அப்புறம் அணைஞ்சிருச்சு.”

பேச்சியம்மாள் கையில் இருந்த டம்ளர் சாய்ந்து டீ சேலையில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பிலேயே குரல் ஏறியது, பழைய பேருந்து நிலையக் குரல், தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் குரல்.

“யோவ் அண்ணாச்சி! நாய் வந்ததைத்தான் சொல்லலை. இதையுமா சொல்லலை? ரெண்டு வருசமாய்யா!”

“எப்படிச் சொல்றது?” குருவையா தரையைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. “சொன்னா, நடந்ததுன்னு ஆயிருமே.”

பிரபாகர் பெஞ்சில் முன்னால் நகர்ந்தார். “அப்போ... நிஜமாவே...?”

குருவையா டெஸ்டரைத் திரும்பப் பையில் செருகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நடந்தது சார்.”